மணிக்கு எண்ணூறு

கோயமுத்தூர் ஏர்போர்ட் வாசலில்
அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
ரொஸ்னானி, கேடா, மலேசியா.
கெடாவைத்தான் டிராவல்ஸ் பையன் அப்படி எழுதிவிட்டான்,
வருகிறவளைப் பார்த்துக் கேடா என்று கேட்கிற மாதிரி.

ஊத்துக்குளி தாண்டுமட்டும் அவள் பேசவில்லை.
அப்புறம் போனில் ஒரு படம் காட்டினாள்:
உள்ளங்கையில் சிவப்பு மணி,
மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் துளை.
எங்கள் ஆற்றோரச் சேற்றில் கிடைத்தது,
உங்கள் பக்கத்திலிருந்து வந்ததா, தெரியாது,
தெரியாததால்தான் டிக்கெட் எடுத்தேன் என்றாள்.
நான் மணி என்றேன். அவள் மணிக் என்றாள்.
நேரத்துக்கும் இங்கே அதே சொல்தானுங்க என்றேன்,
கோயிலில் அடிக்கிறதுக்கும்.
கப்பலுக்கு அவளிடம் கபால் இருந்தது.
கடைக்குக் கெடாய்.
இத்தனையும் ஏற்றிப் போன கப்பல்
எத்தனை டோல்கேட்டில் நின்றதோ.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடாரம் நாலு மார்க்.
வென்றவர் பேரைக் கேட்பார்கள்.
அங்கே அப்போது யார் குடியிருந்தார்கள் என்று
கேள்வித்தாளில் வந்ததில்லை.
நானும் கேட்காமல் நாலு மார்க்கை வாங்கிக்கொண்டேன்.

கொடுமணலில் பார்க்க ஒன்றுமில்லை.
தோண்டின குழிகளை அளந்து, படம் பிடித்து,
திரும்ப மூடிவிட்டார்கள். மேலே சோளத்தட்டு.
நொய்யல் அன்றைக்குக் கத்திரிப்பூ நிறம்,
திருப்பூரில் அந்த வாரம் அந்தக் கலர் ஓடியிருக்கும்.
அவள் முட்டி போட்டு
ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள்.
அவ்வளவு தூரம் வந்து முகர்வதற்கு.

எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றாள்.
மரங்களுக்கு நடுவில் செங்கல் மேடு ஒன்று இருந்தது,
வீட்டுமனை போட வந்தவன்
வண்டியை விட்டுத் தள்ளிவிட்டான்.
ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது.
மறுநாள் நான் போனபோது
மண்ணில் வாளிப்பல் கீறின கோடுகள், அதுவும் நேராக.

அந்தக் கோடு எனக்குத் தெரியும்.
டாக்சிக்கு முன்னால் ஆறு வருஷம் ஜேசிபி.
மணிக்கு எண்ணூறு, டீசல் என்னுது.
பொங்கியண்ணன் தோட்டத்தில் தென்னை வைக்க
வட்டமாய் நின்ற கற்களைப் பிடுங்கினேன். பதினேழு.
பாண்டியங்குழிடா, கை வைக்காதே என்றாள்
களை வெட்டிக்கொண்டிருந்தவள்.
ஹாரன் அடித்தேன்.
வாளியில் ஒரு பானை நொறுங்கி வந்தது,
வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு.
ஐந்தரை மணி நேரம்.
நாலாயிரத்து நானூறை எண்ணிப் பையில் வைத்தேன்.

திரும்பும்போது இடதுபக்கம் ஒடித்தேன்.
இந்த வழி மேப்பில் இல்லையே என்றாள்.
இல்லைங்க என்றேன்.

பம்புசெட் தொட்டியடியில் துவைக்கிற கல்,
சோப்பு நுரை காயாமல்.
இன்னொன்று வாய்க்கால்மேல் குறுக்கே கிடந்தது,
பாலமாம்.
இரண்டு, கேட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்
சுண்ணாம்படித்து நட்டிருந்தார்கள்.
மற்றதெல்லாம் கிரஷருக்குப் போய்
ஏதோ ஒரு ரோட்டில் நாங்கள் வந்திருப்போம்.

துவைகல்லை அவள் சாண் போட்டு அளந்தாள்.
ஈரக்கையோடு நோட்டை எடுத்தாள்.
எங்கே நின்றது? காட்டினேன், மூன்றாவது தென்னை.
எந்தத் திசை பார்த்து?
கிழக்கே என்று சொல்லிவிட்டு
அது இன்னும் நினைவிருப்பதில் நானே திகைத்தேன்.
எடுத்தது யார்?

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
செங்கோட்டுவேல் அவள் பேனாவுக்கு நீளமான பேர்;
இரண்டு தரம் எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
எழுதி முடித்து என்னைப் பார்த்தாள்.
கோபமா என்று தெரியவில்லை.
வண்டியில் ஏசியைக் கூட்டச் சொன்னாள், அவ்வளவுதான்.

இருட்டுகிற நேரம் ஈரோட்டில் லாட்ஜ் வாசல்.
கிலோமீட்டர் பார்த்தாள், பர்ஸைத் திறந்தாள்.
வெயிட்டிங் எத்தனை மணி என்று கேட்டாள்,
அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்து.

பதினேழு என்று வாய்வரை வந்தது.
இரண்டு என்றேன்.